லட்சத்துக்கு இன்னும் ஆறாயிரம்

என் வண்டியை நான் சரியாகப் பராமரிக்கவில்லை என்று டயாலிசிஸ் மையத்து மேலாளர் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. அவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடி உருண்டை வைத்திருந்தார். அதைத் தூக்கி எங்கேயாவது எறிய வேண்டும் போலக் கை பரபரத்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. பராமரிப்பு இல்லாத வண்டியில நோயாளியை ஏத்தி அனுப்பினா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அடுத்த வாரத்துலேர்ந்து வேற வண்டி பேசியாச்சு."

பராமரிப்பு இல்லாத வண்டியாம். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால் எஞ்சின் ஆயில் மாற்றுவேன். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் போகவிட மாட்டேன். ஏர் ஃபில்டர், பிரேக் பேட், கூலன்ட், டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது என்று எல்லாமே மீட்டரைப் பார்த்துத்தான். என் உடம்பை நான் இப்படிக் கவனித்துக்கொண்டது கிடையாது. கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வருடமாக வலிக்கிறது. பல்லுக்கு மீட்டர் இல்லை என்பதால் அது பாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்கிறது. "அடுத்த ஜென்மத்துல காரா பொறந்தா நம்ம வீட்டுலதான் பொறக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

இதையெல்லாம் மேலாளரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்குத் தெரிந்தது மேம்பாலத்தின் நடுவில் நின்றுபோன வண்டி ஒன்றுதான்.

அது நின்றது செவ்வாய்க்கிழமை காலையில். பின்சீட்டில் டைப்பிஸ்ட் அம்மா உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். இப்போதும் பேச்சு இல்லாத நேரத்தில் விரல்கள் கைப்பை மேல் தட்டிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் அவரை வீட்டிலிருந்து மையத்துக்குக் கூட்டிப் போய், நாலு மணி நேரம் கழித்து, கசக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆனவரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை முன்சீட்டில் வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்றால் கோபம் வரும். அவர் உட்பட நாலு நோயாளிகள். மாத வருமானத்தில் முக்கால்வாசி இந்த நாலு பேரிடமிருந்துதான்.

மேம்பாலத்தின் உச்சியில் ஒரு சின்ன 'டப்' சத்தம். அவ்வளவுதான். வண்டி உலுக்கவும் இல்லை, புகையவும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் இல்லாமல் போனது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சரிவில் உருட்டிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தினேன்.

"என்னம்மா, சிக்னலா?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"இல்லம்மா. ஒரு நிமிஷம்."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எதையும் பற்றிக்கொள்ளாமல் சும்மா சுற்றியது. மையத்துக்கு போன் செய்தால், "ஒரு மணி நேரம் தாமதமானா படுக்கை அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்றார்கள். நடுரோட்டில் நின்று கை காட்டினேன். கடைசியில் ரொட்டி விநியோகிக்கும் வேன் ஒன்று நின்றது. டைப்பிஸ்ட் அம்மாவை நானும் அந்த டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதில் ஏற்றினோம். வேனின் படி உயரம். அவருக்குக் கால் எழும்பவில்லை. "சிரமம் கொடுக்கறேன், சிரமம் கொடுக்கறேன்" என்று அவர்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாமதமாகப் போனதில் அவருக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. அன்று சாயங்காலமே மூச்சு வாங்கி, இரண்டு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பையன் மேலாளருக்கு போன் செய்து என்ன சொல்லியிருப்பான் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. அதைத்தான் மேலாளர் என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போனது 'மாத்தணும்' பட்டறைக்கு. மெக்கானிக்குக்கு அந்தப் பெயரை வைத்தது என் அண்ணன். அந்த மனிதர் எதைத் தொட்டாலும் "இதை மாத்தணும்" என்றுதான் வாக்கியத்தை முடிப்பார். அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. நன்றாக இருந்த வைப்பரை மாற்றியிருக்கிறார், கழுவாத வண்டிக்குக் கழுவினதாகக் காசு வாங்கியிருக்கிறார். பில் என்ற ஒன்றை வாழ்க்கையில் கொடுத்ததில்லை. உள்ளங்கையில் பேனாவால் கூட்டிக் காட்டுவார். ஆனாலும் கை வேலை சுத்தமாக இருக்கும், பக்கத்திலும் இருந்தார்.

எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றி, அறுந்து கிழிந்த டைமிங் பெல்ட்டை வெளியே எடுத்து என் முன்னால் போட்டார். எஞ்சினின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்த்து ஓட்டுகிற பல் வைத்த ரப்பர் பட்டை அது. ஓடுகிற வரைக்கும் எந்த அறிகுறியும் காட்டாது. அறுந்தால் உள்ளே வால்வெல்லாம் வளைந்து எஞ்சினே போய்விடும். அதனால்தான் அதைக் கெட்டுப்போகும் வரை விடாமல், லட்சம் கிலோமீட்டர் ஆனதும் மாற்றிவிடுவார்கள்.

"மீட்டர்ல எவ்வளவுக்கா?" என்றார்.

"தொண்ணூத்தி நாலாயிரம். லட்சத்துக்கு இன்னும் ஆறாயிரம் இருக்கு."

அந்த ஆறாயிரத்துக்குள் பெல்ட்டை மாற்ற ஒரு வருடமாக பிஸ்கட் டப்பாவில் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாயிரம் ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பதினோராயிரம் வரை சேர்த்துவிட்டேன்.

"இது தொண்ணூத்தி நாலாயிரம் ஓடின பெல்ட் மாதிரி இல்லியே. எண்பதாயிரத்துலயே நான் சொன்னேன், மாத்தணும்னு. நீங்கதான் அண்ணனுக்கு போன் போட்டீங்க."

"நீங்க எதைத்தான் மாத்தணும்னு சொல்லல?"

அவர் பேனாவை எடுத்தார். வால்வு, ஹெட், வாட்டர் பம்ப், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து உள்ளங்கையில் கூட்டினார். நாற்பத்திரண்டாயிரம். அதற்குக் கொஞ்சம் மேலேகூட ஆகலாம் என்றார்.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இந்த வண்டி அவன் ஓட்டியது. நாலு வருடத்துக்கு முன்னால், நான் வாடகைக்கு ஓட்ட ஒரு கார் தேடிக்கொண்டிருந்தபோது, "எவனோ ஒருத்தனுக்குக் கொடுக்கறதுக்கு உனக்கே கொடுத்துடறேன்" என்றான். வெளி விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற அச்சகத்தில் முன்பணம் வாங்கிக் கொடுத்தோம். மீட்டரில் அறுபத்திரண்டாயிரம் இருந்தது. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு பளபளத்தது. "என்ன அண்ணே, அறுபத்திரண்டாயிரத்துக்கே இப்படித் தேஞ்சிருக்கு?" என்று கேட்டேன். "என் கால் யானைக்கால், நான் அழுத்தி மிதிப்பேன்" என்று சிரித்தான். "கூடப் பிறந்தவகிட்ட பொய் சொல்வேனா?" என்றும் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது. புது ரப்பர் வாங்கிப் பட்டறையில் மாட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பட்டறையில் நின்று அண்ணனுக்கு போன் செய்வேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்வான். மாத்தணும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் ஒவ்வொன்றாக அடிப்பான். "அது இன்னும் ஐயாயிரம் தாங்கும்." "இது எதுக்கு, போன வாட்டிதானே பார்த்தே?" "பொம்பளை வந்தா தலையில மிளகாய் அரைக்கலாம்னு பார்க்கறியா?" மாத்தணும் முகம் சுருங்கிவிடும். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். பின்னால் நின்று கேட்க ஒருத்தன் இருக்கிறான் என்கிற தெம்பு அது. பணம் மிச்சமானதைவிட அந்தத் தெம்புதான் எனக்குப் பெரிதாக இருந்தது. எண்பதாயிரத்தில் பெல்ட்டை மாற்றச் சொன்னபோதும் அப்படித்தான் நடந்தது. "லட்சம் ஆகட்டும். அதுக்கு முன்னாடி மாத்தறவன் முட்டாள்" என்றான் அண்ணன். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு அண்ணன் பன்னெண்டாயிரம் மிச்சப்படுத்திக் கொடுத்தான்" என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடன் கேட்கத்தான். நாற்பத்திரண்டில் பதினொன்று டப்பாவில் இருக்கிறது, மிச்சத்தை ஆறு மாதத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல, பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் வாக்கியம் தயார் செய்திருந்தேன்.

அண்ணன் நாலாவது மாடியில் இருக்கிறான். வாசலில் செருப்பு வைக்க ஒரு அலமாரி, உள்ளே உறை கழற்றாத சோபா. அம்மாவும் அவனோடுதான் இருக்கிறாள். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். பெல்ட் அறுந்தது என்று சொன்ன இடத்தில் அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். டைப்பிஸ்ட் அம்மா மருத்துவமனையில் படுத்ததைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூலன்ட் இல்லாம ஓட்டியிருப்பே" என்றான்.

"ஓட்டல."

"ரெண்டாவது கியர்லயே இழுத்திருப்பே. மேம்பாலத்துல."

"நாலு வருஷமா அதே மேம்பாலத்துலதான் ஏறி இறங்கறேன்."

அண்ணி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் புருஷனை யாரும் கேள்வி கேட்டால் பொறுக்காது. நான் கேள்வியே கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீ தப்பா நினைச்சாலும் சரி, எல்லாம் ஓட்டற கையில இருக்கு. இவர் அதே வண்டியைத்தான் சிமெண்டு ஆலைக்கு ஓட்டிட்டுப் போனார். போக வர நூத்தி இருபது கிலோமீட்டர். ஆறு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் மக்கர் பண்ணியிருக்குமா? மீட்டர்ல ரெண்டும் அஞ்சு பூஜ்யமும் வந்த அன்னைக்கு எங்க எல்லாரையும் உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். ரெண்டு லட்சம்! இவர் கையில ராணி மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட வந்து..."

அங்கே நிறுத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

நான் டீ கோப்பையைக் கீழே வைத்தேன். அறையில் இருந்த மூன்று பேரும் அந்தக் கோப்பையைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணி, நான் வாங்கினப்ப அறுபத்திரண்டாயிரம்தான் இருந்துச்சு."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, "டீ ஆறிடப் போகுது, குடி" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது, அம்மாவுக்கும் தெரியும் என்று. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

"மீட்டரைத் திருப்பினியா அண்ணே?"

"உனக்குன்னு திருப்பல" என்றான். குரலில் கோபம் இருந்தது. என்னமோ நான் அவனைச் சந்தேகப்பட்டுவிட்ட மாதிரி. "ஒரு பார்ட்டி வர்றதா இருந்துச்சு. வெளியூர்க்காரன். புரோக்கர்தான் சொன்னான், ரெண்டு லட்சம் ஓடின வண்டியை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், எல்லாரும் செய்யறதுதான்னு. திருப்பி வெச்சதுக்கு அப்புறம் அந்தப் பார்ட்டி வரல. அந்த நேரம் பார்த்து நீ வந்து கேட்டே."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? விலை பேசியாச்சு. குறைச்சுத்தானே கொடுத்தேன்?"

"அறுபத்திரண்டாயிரம் ஓடின வண்டி விலையில குறைச்சே. ரெண்டு லட்சம் ஓடின வண்டிக்கு என்ன விலை?"

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"சரி, எவ்வளவு திருப்பினே? சரியா எவ்வளவு?"

"ஞாபகம் இல்ல. ரெண்டு பத்து இருக்கும். ரெண்டு பதினஞ்சும் இருக்கலாம்."

நாலு வருடமாக நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மீட்டர் அது. அதன் உண்மையான கணக்கு, அதைத் திருப்பியவனுக்கே ஞாபகம் இல்லை.

"பெல்ட் எப்ப மாத்தினே?"

"லட்சத்துல ஒரு வாட்டி."

"ரெண்டு லட்சத்துல?"

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "விக்கப் போற வண்டிக்கு யாரு காசைக் கொட்டுவா? வாங்கறவன் மாத்திக்கட்டும்னு விட்டேன்."

வாங்கியவள் மாற்றிக்கொள்ளத்தான் நினைத்தாள். எண்பதாயிரத்தில் மாத்தணும் சொன்னபோது, கையில் காசு இருந்தது, மாற்றிக்கொள்ளத் தயாராக நின்றாள். மீட்டரைத் திருப்பியதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. பேராசையில் செய்தான், என்னை நினைத்துச் செய்யவில்லை, சரி. ஆனால் அந்த போன்?

"மாத்தணும் பெல்ட்டை மாத்தச் சொன்னார். நான் உனக்கு போன் போட்டேன். உனக்குத் தெரியும், அது எப்ப வேணா அறுந்துடும்னு. தெரிஞ்சே ஏன் வேண்டாம்னே?"

தலையைக் குனிந்துகொண்டான். என் அண்ணனை அப்படி நான் பார்த்ததில்லை.

"மாத்துன்னு சொன்னா, ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேப்பே."

அவ்வளவுதான் காரணம். நான் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பட்டையை எப்போது வேண்டுமானாலும் அறுகிற நிலையில் வைத்து என்னை ஓட்டவிட்டிருக்கிறான். பின்சீட்டில் டைப்பிஸ்ட் அம்மா. லீவு நாளில் என் மகளும் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். பட்டறையில் ஸ்பீக்கரில் அவன் அடித்த ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தேன். எனக்காக மெக்கானிக்கோடு சண்டை போடுகிறான் என்று நான் பூரித்துப்போன அத்தனை தடவையும், அவன் தன் பொய்க்குத்தான் காவல் நின்றிருக்கிறான்.

எனக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. அறையவில்லை. எழுந்தேன்.

"பாதி நான் தர்றேன்" என்றான் அவசரமாக. "மொத்தம் எவ்வளவு ஆகுதோ, அதுல பாதி. அதுக்கு மேல என்னால முடியாது, பையன் காலேஜ் இருக்கு. ரிப்பேர் முடிஞ்சதும் சொல்லு, அனுப்பிடறேன். மாப்பிள்ளைகிட்ட மட்டும் இதையெல்லாம் சொல்லிட்டிருக்காதே."

பாதி. முழுத் தவறுக்குப் பாதி. அதையும் பேரம் பேசி முடிக்கிற குரலில்தான் சொன்னான்.

லிஃப்ட் வரும் வரை அம்மா என்னோடு வந்து நின்றாள். என் தோளில் கை வைத்தாள்.

"உன்னையா ஏமாத்தணும்னு நினைச்சான்? எவனோ ஒருத்தனை ஏமாத்த வெச்சிருந்தது, உன் தலையில வந்து விழுந்துடுச்சு. அவனுக்கு மட்டும் மனசு கஷ்டமா இருந்திருக்காதா, சொல்லு? ஒவ்வொரு வாட்டியும் நீ போன் பண்றப்ப அவன் முகத்தை நான் பார்த்திருக்கேன்."

"பார்த்துட்டு நீயும் சும்மாதானே இருந்தே."

"நான் சொல்லி, நீங்க ரெண்டு பேரும் பேசிக்காமப் போயிட்டா?"

லிஃப்ட் வந்தது. அம்மாவின் கையை எடுத்துவிட்டு உள்ளே போனேன். எடுத்துவிட்டது அவளுக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

வண்டி தயாராகப் பத்து நாள் ஆனது. நடுவில் டைப்பிஸ்ட் அம்மா போன் செய்தார். புது வண்டியில் ஏசி நன்றாக இருக்கிறதாம், ஆனால் டிரைவர் பாட்டைச் சத்தமாக வைக்கிறானாம். "எனக்கு உன் மேல கோபம் இல்லம்மா. என் பையன்தான், சர்வீஸ் பண்ணாத வண்டியில ஏறக் கூடாதுன்னு கறாரா சொல்றான்" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கொட்டினால், என் அண்ணன் என்னை ஏமாற்றினான் என்று சொல்ல வேண்டும். அதைவிட, சர்வீஸ் செய்யாதவள் என்ற பெயரே பரவாயில்லை போலிருந்தது. "அவர் சொல்றது சரிதாம்மா" என்றேன். போனுக்கு அந்தப் பக்கம் விரல்கள் எதன் மேலோ தட்டுகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனேன். எஞ்சின் பழையபடி சத்தம் போட்டது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாக. மாத்தணும் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். நாற்பத்திரண்டாயிரம், சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. அடுத்த பெல்ட் எப்போது என்று கேட்டேன்.

"இன்னையிலேர்ந்து லட்சம் கிலோமீட்டர். மீட்டர்ல இப்ப என்ன இருக்கோ, அதோட ஒரு லட்சத்தைக் கூட்டிக்குங்க." கொஞ்சம் தயங்கினார். "மீட்டர் பொய்தானேக்கா?"

"பொய்தான்."

"பெடல் ரப்பரைப் பார்த்த அன்னைக்கே நினைச்சேன். உங்க அண்ணன் வண்டின்னு சொன்னீங்களா, நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

எல்லோருக்கும் வம்பு வேண்டாம் என்றிருந்திருக்கிறது. அம்மாவுக்கும் வேண்டாம், இவருக்கும் வேண்டாம். வம்பெல்லாம் சேர்ந்து மேம்பாலத்தின் உச்சியில் என்னிடம் வந்து நின்றிருக்கிறது.

அப்போது போன் அடித்தது. அண்ணன். பத்து நாளில் முதல் தடவை. பழைய பழக்கத்தில் விரல் ஸ்பீக்கரைத் தொடப் போனது, இழுத்துக்கொண்டேன்.

"வண்டி ரெடியாயிடுச்சா?" என்றான். பழைய அதே குரல், கொஞ்சம் அடக்கம் கூட. "மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

நாற்பத்திரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"எண்பத்தி நாலு" என்றேன்.

"எண்பத்தி நாலாயிரமா! அந்த வண்டியே அவ்வளவுக்குப் போகாதே!"

"போகும் அண்ணே. மீட்டர்ல லட்சத்துக்குக் கீழதானே காட்டுது."

வேறு நாளாக இருந்தால், "அவன்கிட்ட போனைக் கொடு" என்றிருப்பான். ஒவ்வொன்றாக அடித்திருப்பான். இன்றைக்கு எதை அடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பில் ஏதாவது..."

"மாத்தணும் என்னைக்கு பில் கொடுத்திருக்கார்? நீதானே எப்பவும் சொல்வே."

"இல்ல... நிஜமாவே அவ்வளவு ஆச்சா?"

"கூடப் பிறந்தவன்கிட்ட பொய் சொல்வேனா?" என்றேன். சொல்லும்போது சிரித்தேன்கூட.

"சரி, சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் அண்ணன். "பாதி அனுப்பிடறேன்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிவிட்டான். நாலு வருடத்துக்கு முன்னால் பிரேக் மிதியைப் பார்த்துவிட்டு நான் எப்படி நம்பினேனோ, அப்படி. ஐந்து நிமிடத்தில் பணம் வந்து சேர்ந்துவிட்டது, சரியாக நாற்பத்திரண்டாயிரம். மாத்தணும் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிஸ்கட் டப்பாவில் பதினோராயிரம் அப்படியே இருக்கிறது. வண்டி ஓடுகிறது. ரிப்பேரில் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் குரலே காதில் விழுந்துகொண்டிருந்தது. அது கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அச்சு அசலாக அண்ணன் குரல். சண்டை போட்டு வாங்கியிருக்கலாம், அழுது வாங்கியிருக்கலாம். அந்தப் பொய் இவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டாம்.